சமையலறையில் நீ நிற்கிறாய்

அன்புள்ள அக்கா,

நீ வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று "போனவ போனவதான்" என்று சொன்னதிலிருந்து அப்பா உன் பேச்சையே எடுப்பதில்லை. அதனால் சனிக்கிழமைதோறும் நீ நடித்த நாடகத்துக்குப் போகிறேன். என் மூக்குக் கண்ணாடிக்கு மேல் பதிவு செய்த நடிகர்களைக் காட்டும் நாடகக் குழுவின் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டால், நாடகம் நடக்கும் காலி வீட்டின் சமையலறையில் நீ நிற்கிறாய். உன் முழங்கை வழியாகக் குழாய் தெரிகிறது. மற்றபடி நீயேதான்.

"வந்துட்டியா? எவ்வளவு நேரமா காத்திருக்கேன்!" என்கிறாய். "வந்துட்டேன்" என்கிறேன். உனக்குக் கேட்பதில்லை.

பதிவு செய்த அன்று பார்வையாளர் நிற்கும் இடத்தில் ஒரு பொம்மையை வைத்தார்கள். நீயோ, "பொம்மையப் பாத்துப் பேச வராது, என் தங்கச்சிய நிக்க வைங்க" என்று அடம்பிடித்தாயே! அப்போது எனக்குப் பதினொரு வயது. இயக்குநர் இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறார். "உங்கக்கா எல்லாரோட சட்டைப் பொத்தானையும் பாத்துல்ல பேசறா!" நான் வளர்ந்துவிட்டேன். உன் கண்ணைப் பார்க்க முழங்காலை மடக்குகிறேன்.

போன வாரம் அப்பா வந்திருந்தார். நான் கதவோரம் நின்றதை அவர் கவனிக்கவில்லை. உன் முன்னால் தரையில் மண்டியிட்டார்.

"எழுந்திருங்க சார், மறைக்குது" என்றார் பின்னால் நின்ற ஒரு பெண்மணி.

"கொஞ்சம் இரும்மா. எம்பொண்ணு பேசிட்டிருக்கா."

வீடு திரும்பியதும் அவர் சட்டைப் பையில் ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கான சீட்டைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை வேறொரு நடிகையை வைத்துப் புதிதாகப் பதிவு செய்கிறார்கள். ஞாயிறு மூன்று மணிக்கு உன்னுடைய கடைசிக் காட்சி. அப்பாவும் வருவார். நீயே வந்து நின்றால், அவர் எழுந்து நின்று பேசலாம்.

உன்
புத்தகப்புழு