வாயாடிக்கு ஓர் இடம்

ஜூன் 14

அன்புள்ள அண்ணா,

நீ, அண்ணி, உன் மகள் வாயாடி மூவரும் நலம்தானே? உயர்நிலைப் பள்ளிக்கு இனிக் கட்டணமில்லை என்ற உத்தரவு வந்தது. கல்வித் துறையில் இருக்கும் என் அண்ணன் எழுதியது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். படிப்பை நிறுத்தியிருந்த தச்சரின் மகள் திரும்பி வந்தபோது அழுதே விட்டேன்.

ஆனால் கட்டணப் பணத்தில் சம்பளம் வாங்கிய இரண்டு ஆசிரியைகளும் போய்விட்டார்கள். தலைமையாசிரியை நானே ஒன்பதாம் வகுப்பையும் எடுக்கிறேன். பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. பாதிப் பேர் தரையில். ஊரையே விருந்துக்கு அழைத்துவிட்டு உலை வைக்க மறந்த கதை. ஆள் அனுப்பு.

உன் தங்கை

ஜூலை 3

அன்புத் தங்கைக்கு,

கோபிக்காதே, கோப்பு நகர்கிறது. நல்ல செய்தி: எனக்கு உன் ஊருக்கே மாற்றல். ஞாயிற்றுக்கிழமைகளில் இனி நீ தனியாகச் சாப்பிட வேண்டாம்.

ஒரு சின்ன உதவி. ஆற்றங்கரைத் தனியார் பள்ளியின் முதல்வர் உன் தோழிதானே? வாயாடிக்கு ஒன்பதாம் வகுப்பில் ஓர் இடம் சொல்லிவை. கட்டணம் எவ்வளவானாலும் பரவாயில்லை.

அண்ணன்

ஜூலை 11

அண்ணா,

நீ வருகிறாய் என்று படித்ததும் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். மீதிக் கடிதத்தைத் திரும்பி வந்துதான் படித்தேன்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நீ ஊரார் பிள்ளைகளை என்னிடம் தள்ளிவிட்டு, உன் பிள்ளையை மட்டும் ஆற்றங்கரைக்கு அனுப்புகிறாய். எரிச்சலாக வருகிறது. உன் மகள் தரையில் உட்கார்ந்தால்தான் இங்கே பெஞ்சு வரும். அது உனக்கும் தெரியும்.

தோழியிடம் நான் போகவில்லை. வாயாடியை என் பள்ளியிலேயே சேர்த்துவிட்டேன். ஜன்னலோரம், தச்சர் மகளுக்குப் பக்கத்தில்.

தங்கை

ஜூலை 25

தங்கைக்கு,

அண்ணி என்னோடு பேசுவதில்லை. என் பிள்ளையை வைத்து எனக்குப் பாடம் நடத்தாதே. மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆசிரியர்கள் தேவையென்றால் முறைப்படி விண்ணப்பிக்கவும்.

துணைச் செயலாளர்

ஆகஸ்ட் 9

அண்ணா,

விண்ணப்பத்தை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். இது வீட்டுக் கடிதம்.

வருகைப் பதிவேட்டில் வாயாடியின் பெயரை நான் அடிக்கவில்லை. கடைசியாகச் சேர்த்ததால் கடைசியில் இருக்கிறது. நேற்றுத்தான் முதல் தடவையாக, மணி அடிப்பதற்குள் அவள் பெயர்வரை வந்தேன். கூப்பிட்டேன். யாரும் ‘உள்ளேன்’ சொல்லவில்லை.

தச்சர் மகள் எழுந்தாள். "அந்தப் பொண்ணு எப்போ டீச்சர் வருவா? நெருக்கி உக்காந்து இடம் பிடிச்சு வச்சிருக்கோம்" என்றாள்.

அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

உன் தங்கை