கொல்லம் வண்டி போகும் வரை

காலையில் ஆசாரி வந்திருந்தார். மழைக்கு ஊதிப்போன அறைக்கதவை இழைத்துக்கொண்டிருந்தவர் வெளிப்பக்கத்துக் கொண்டியைத் தட்டிப் பார்த்தார். "ஆச்சி, உள் அறைக்கு எதுக்கு வெளியில இம்புட்டுப் பெரிய கொண்டி? நெல்லு கிடந்துதோ?" என்று கேட்டார். "ஆமா, நெல்லுதான்" என்றேன். கழற்றிவிடவா என்றார். கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் கிடந்தது கட்டின புருஷன் நீங்கள்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

நெல்லாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. நெல் சாயங்காலமானால் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடாது.

அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. மலைக்கு அந்தப் பக்கம் சாராயக்கடை திறந்து கிடந்தது. அந்திக்குக் கொல்லம் வண்டியில் ஏறினால் ஆரியங்காவில் இறங்கிவிடலாம். வண்டி கூவினால் போதும், உங்கள் கை நடுங்கும், கண் வாசலுக்குப் போகும். டாக்டரிடம் போவோம் என்றால், "சர்க்கார் உத்தியோகம்ட்டி. வெளியில தெரிஞ்சா வேலையும் போச்சு, ஜெயிலும் ஆச்சு" என்பீர்கள். அதுவும் உண்மைதான். நோய் என்று சொல்ல வாய் திறந்தால் குற்றம் என்று எழுதிக்கொள்வார்கள். யாரிடம் போய் நிற்பது?

கடைசியில் ஒரு பூட்டு வாங்கினேன். வண்டி நேரத்துக்கு முன்னால் உங்களை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கதவடியில் உட்கார்ந்துவிடுவேன். கெஞ்சுவீர்கள், திட்டுவீர்கள், பிறகு அழுவீர்கள். அக்கம்பக்கத்தில் கேட்கக்கூடாதே என்று நான் அம்மியில் எதையாவது போட்டு அரைத்துக்கொண்டிருப்பேன். பூட்டப்பட்டது நீங்கள் மட்டும் என்றா நினைத்தீர்கள்? ஒரு கல்யாண வீடு உண்டா, ஒரு கோவில் உண்டா எனக்கு? ஆத்திரமாக வரும். சாவி என் இடுப்பில்தான் இருந்தது, ஆனால் அந்த வாசலை விட்டு நகர முடியவில்லை.

புத்தி பேதலித்தவர்களை அருவியில் நிறுத்தினால் தெளியும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். குடியும் தெளியாதா என்று ஒரு சாரல் காலத்தில் உங்களைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெண்கள் பக்கத்தில் நான் குளித்துக் கரையேறியபோது, சேலையைப் பிழிந்துகொண்டிருந்த ஒருத்தி என் முந்தானை முடிச்சையே பார்த்தாள்.

"வீட்டுச் சாவியா?"

"ஆமா."

"வீட்டுச் சாவிய அருவிக்குள்ளயும் முடிஞ்சுக்கிட்டு நிப்பாவளா? எங்கிட்டயும் ஒண்ணு இருந்துது. ஆளைப் பூட்டுத சாவி."

அப்படியே பாறையில் உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, "மேலகரத்துல ஒரு தறிக்கூடம் இருக்கு. எங்க வீட்டு அவியளும் இன்னும் நாலஞ்சு பேரும் வண்டி நேரத்துக்கு அங்கன போய் உக்காருதாவ. வண்டி போன பொறவு வீட்டுக்கு வந்திருதாவ. நீயும் கூட்டிக்கிட்டு வா" என்றாள். மருந்து கிருந்து தருவார்களா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, சும்மா உட்காருவதுதான் என்றாள்.

நீங்கள் லேசில் வந்தீர்களா? "நாலு பேரு முன்னால நான் குடிகாரன்னு சொல்லணுமாட்டி? எவனாவது போலீசுக்குப் போனான்னா?" என்றீர்கள். "போறவனும் குடிகாரன்தான? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவான்?" என்றேன். முனகிக்கொண்டே சட்டையை மாட்டினீர்கள்.

கூட்டமாக இருந்தால் சாராயம் என்று சந்தேகம் வருமே என்று அவர்கள் ஒரு ஜால்ரா வைத்திருந்தார்கள். நம் காலடி கேட்டதும் உள்ளே பஜனை ஆரம்பித்தது, ஆளுக்கொரு பாட்டு. எத்தனையோ நாளைக்குப் பிறகு நீங்கள் சிரித்தீர்கள். சிரித்த முகத்தோடே உள்ளே போய்விட்டீர்கள். நான் வெளியே அந்தப் பெண்ணோடு நின்றேன். வயலுக்கு அப்பால் வண்டி கூவியபோது சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வேர்வையில் நனைந்த சட்டையோடு வெளியே வந்து, "வண்டி போயிட்டுட்டி" என்றீர்கள்.

திரும்பி வரும் வழியில் சொன்னீர்கள்: "அங்கன எவனும் புத்தி சொல்லலட்டி. இன்னைக்கும் போகணும் போலதான் இருக்குன்னு ஒவ்வொருத்தனும் சொல்லுதான். நானும் சொன்னேன்."

அதோடு தீரவில்லை. இரண்டு தடவை தறிக்கூடத்திலிருந்தே எழுந்து ஸ்டேஷனுக்குப் போனீர்கள். மறுநாள் அவர்களே வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் உங்களைக் கூட்டிப்போனார்கள். மெல்ல மெல்லப் பூட்டு பரணுக்குப் போனது.

பிறகு ஒரு நாள் தறிக்கூடத்துக்காரர் வீட்டில் சாவு. கூடம் அடைத்துக் கிடந்தது. போன வேகத்தில் திரும்பி வந்தீர்கள். நேரே பரணில் கைவிட்டுப் பூட்டை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள். "இன்னைக்குக் கூடம் இல்ல. நீயே பூட்டிரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள். பூட்டினேன். உள்ளே கெஞ்சல் இல்லை, நானும் அம்மிப் பக்கம் போகவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் நீங்களும் சாய்ந்திருக்க வேண்டும், பலகை மெல்ல அழுந்தியது. வண்டி கூவிக்கொண்டு போயிற்று. "போயிட்டுட்டி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

உங்களைக் குடி கொண்டுபோகவில்லை. நெஞ்சுவலி கொண்டுபோயிற்று, அதுவும் நடுப்பகலில், எந்த வண்டியும் இல்லாத நேரத்தில்.

மகள் ஆலங்குளத்துக்கு வந்துவிடச் சொல்லுகிறாள். "அப்பாதான் இல்லையேம்மா, இன்னும் எந்த வண்டிக்குக் காவல் இருக்க?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல? அந்தி கூவல் கேட்டால் இன்றும் கை தானாக இடுப்புக்குப் போகிறது. சாவி அங்கேதான் இருக்கிறது. பூட்டி வைத்தால் என்னை விட்டுப் போகாமல் இருந்துவிடுவீர்கள் என்ற பழைய நினைப்பும் அதோடு அந்த முடிச்சிலேயே கிடக்கிறது.