பலகைக்கு அடியில் விரிக்கும் ஷீட்

ஏனுங்க,

எந்திரிச்சதும் என்னைத் தேடாதீங்க. லைனிங் துணி வாங்கச் சித்தூர் போறேன், மூணு மணி பஸ்ல வந்துருவேன். சோறு ஹாட்பாக்ஸ்ல, தட்டப்பயிறுக் குழம்பு அடுப்பு மேல.

பதினோரு மணிக்கு ஆசாரி வருவாரு, மேல என் தையல் ரூம் தரைக்கு எஞ்சினியர்டு மரப்பலகை போட. ஈரம் ஏறுதான்னு பாக்கச் சிமெண்ட் தரைல ஒட்டி வெச்ச பாலித்தீன் தாளைப் பிரிச்சுப் பாத்துட்டேன், அடியில பொட்டு ஈரமில்லீங்க. ஷீட்டை விரிச்சு வேலைய ஆரம்பிக்கச் சொல்லுங்க.

எந்த ஷீட்டுன்னுதானே நேத்து கடைக்காரர் முன்னாடியே சண்டை? "ஃபோம்தான் வேணும்"னு ஒத்தக்கால்ல நின்னீங்க. கார்க் ஷீட்டுன்னு நான் சொன்னது ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? விடிய விடியக் காய்கறி லோடு ஓட்டீட்டு வந்து பகல்ல கீழ தூங்கறீங்க. என் காலடிச் சத்தம் உங்க தலைக்கு மேல கேக்கக் கூடாதுன்னுதான்.

காலைல கடைக்காரர் குடுத்த ரெண்டு சாம்பிளையும் பலகைக்கு அடியில வெச்சு நடந்து பாக்கலாம்னு போனா, ஃபோமைக் காணோம். கார்க் மேல மட்டும் நடந்தேன். கீழ உங்க குறட்டை நிக்கவே இல்லை. அதையே போடச் சொல்லுங்க. என்மேல இருக்கற கோவத்தை ஆசாரிகிட்டக் காட்டாதீங்க.

நர்மதா

வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து எழுதறேன். குதிகால் வலிக்குதுன்னு உங்ககிட்ட ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். ஃபோம் சாம்பிளை வெட்டி என் செருப்புக்குள்ள ஒட்டி வெச்சிருக்கீங்க. கடைல வாயைத் திறந்து சொல்லியிருந்தா என்னவாம்?

ரூமுக்கு கார்க்கே இருக்கட்டுங்க. ஃபோம் எங்கூட வரட்டும்.