அப்பாவின் தட்டில் என்ன வைப்பது

கரங்கான், கெடா, மலேசியா
புரட்டாசி, வியாழக்கிழமை

அன்பு மகள் பிரேமலாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் அப்படி எழுதிவிட்டால் மீதியை எழுத முடியாது என்பதால் அந்த வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவும் நானும் சேர்ந்துதானே பேசுகிறோம், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் எதைச் சொல்வது. இப்போது கூலிமில் இரத்தம் கழுவும் நிலையத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா உள்ளே மிஷினில் படுத்திருக்கிறார். உன் மாமா தினேஸ்வரன் எங்களை இறக்கிவிட்டுப் போயிருக்கிறான், அழைத்துப் போக வரும்போது இதை அவனிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்வேன்.

போன வாரம் திங்கட்கிழமை நீ கூப்பிட்டபோது அப்பா அசந்து தூங்குகிறார் என்று சொன்னேன், நினைவிருக்கிறதா. அது பொய். அப்போது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பயப்படாதே, இப்போது நடமாடுகிறார். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

சித்திரையில் அப்பாவை மிஷினில் போட ஆரம்பித்ததிலிருந்து நான் எப்படிச் சமைக்கிறேன் என்று உனக்கு ஓரளவு தெரியும். எந்தக் காயாக இருந்தாலும் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். கீரை, உருளைக்கிழங்கு, பூசணி, வாழைப்பழம், இளநீர் இதிலெல்லாம் பொட்டாசியம் இருக்கிறதாம், சிறுநீரகம் அதை வெளியே தள்ளாததால் அது இரத்தத்தில் ஏறி இருதயத்தையே நிறுத்திவிடுமாம். பருப்பு கொஞ்சம்தான். ரசம் குடித்தால் அதுவும் தண்ணீர் அளவில் சேர்ந்துவிடும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் என்ற பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை. ஆனால் மிஷின் உடம்பிலிருக்கும் சத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடுவதால் மீனோ கோழியோ முட்டை வெள்ளையோ தினமும் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று இங்கே நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி சொல்லியிருக்கிறாள். அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன தேவகி, இது ஆஸ்பத்திரியில இருந்து தப்பிச்சு வந்த சோறா" என்பார். கிண்டல் செய்துகொண்டே சாப்பிட்டும்விடுவார். அதனால் ஆவணி வரைக்கும் எப்படியோ ஓடியது.

புரட்டாசி பிறந்ததும்தான் சிக்கல் வந்தது. பண்டார் பாரு வளைவில் செம்பனைக் குலையோடு அப்பாவின் லோரி கவிழ்ந்து, கீறல் இல்லாமல் அவர் எழுந்து வந்த கதை உனக்கே தெரியும். அதிலிருந்து புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம், சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல் என்று ஒரு வருஷம்கூட அவர் விட்டதில்லை. இந்த வருஷம் மட்டும் வேண்டாம், உடம்பு சரியில்லாதவர்களைச் சாமி கோபிக்காது என்று எவ்வளவோ சொன்னேன். "அன்னைக்கே போயிருக்க வேண்டிய உயிரு. இத்தனை வருசம் அவரு ஓட்ட விட்டிருக்காரு. இப்பப் போயி ஒரு முட்டைக்காக அவருகிட்ட பேரம் பேசச் சொல்றியா" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கவிச்சி இல்லாமல் வயிறும் சிறுநீரகமும் ஓய்வெடுக்கட்டும் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியும் சைவம் உடம்புக்குக் குளிர்ச்சி என்றுதான் சொன்னாள்.

மூன்றாவது சனிக்கிழமை அப்பா காலையிலேயே மிஷினை முடித்துக்கொண்டு வந்தார், நான் படையலுக்கு அடுப்பேற்றினேன். சாமிக்குச் செய்கிற காயை வேகவைத்துச் சாரத்தையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் சக்கையை இலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பூசணிக்காய்ச் சாம்பார், முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு வறுவல், கொண்டைக்கடலைச் சுண்டல், பாயசம் என்று எப்போதும் போல் முழுசாகச் செய்தேன். சாமி கும்பிட்டதும் அப்பாவுக்கு எல்லாவற்றிலும் ஒரு கரண்டி மட்டும் கொடுப்பதாகத்தான் எண்ணம். ஆனால் படையல் இலையில் வீட்டுத் தலைவர்தானே உட்கார வேண்டும், அந்த இலையில் போய் எதை எடுப்பது, எதை விடுவது. "பிரசாதம் என்ன பண்ணிடப் போவுது" என்றார். ஒன்றும் பண்ணாது என்று நானும் நம்பினேன் பிரேமா. ஐஸ்பெட்டியில் ஒட்டிய தாளில் மிஸ்ஸி ஆகாது என்று சிவப்பு வட்டம் போட்ட அத்தனையும் அந்த இலையில் இருந்தது, சாமி முன்னால் வைத்துத் தீபம் காட்டி எடுத்தால் அது வேறு சாப்பாடு ஆகிவிடும் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அப்பா வழித்து வழித்துச் சாப்பிட்டார். இரண்டாவது தடவை சாம்பார் கேட்டார். "இப்பதான் வீட்டுல சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை சுண்ட வைத்து அதையும் கொடுத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது தேவகி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அதனால் விளையாடுகிறார் என்று நான் நினைத்துவிட்டேன். அடுத்து கையும் துவண்டது. தினேஸ்வரன் வந்து தூக்கிக் காரில் போட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டார் என்று கேட்க, நான் ஒவ்வொன்றாக மலாயில் சொல்லச் சொல்ல அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பொட்டாசியம் ஏறித்தான் கை கால் துவண்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இருதயம் நின்றிருக்கும் என்றார். உடனே மிஷினில் போட்டார்கள். நீ கூப்பிட்டது அந்த நேரத்தில்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. சாப்பாடு நன்றாக இருந்தது என்று புஷ்பவள்ளியிடம் பெருமையாக வேறு சொல்கிறார். ஆனால் தட்டில் காயைப் பார்த்ததும் குனிந்து முழங்காலைத் தடவிக்கொள்கிறார். முட்டை, மீன் பேச்சு எடுத்தால் மாதம் முடியட்டும் என்கிறார். மிஸ்ஸி ஒரு பக்கம் தடுக்கிறாள், பெருமாள் ஒரு பக்கம் தடுக்கிறார், நடுவில் வெறும் வெள்ளைச் சோறுதான் மிஞ்சுகிறது. முட்டைக்கோஸை வேகவைத்துக் கொட்டி, மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்தேன். சோயாக்கட்டியை வறுத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் வைத்துவிட்டு விரலால் சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார். சட்டை தோளில் நிற்கவில்லை. இன்றைக்கும் எடை பார்த்துவிட்டு மிஸ்ஸி, "ஆன்ட்டி, வீட்டுல என்னதான் சமைக்கிறீங்க" என்று மலாயில் கேட்டாள். உன் வயதுப் பிள்ளை, நல்லதுக்குத்தான் கேட்கிறாள். கோயில் அன்னதானத்துக்குத் தேவகியைக் கூப்பிடு என்று என்னைத் தேடி வருவார்கள், அப்படிப்பட்டவள் இப்போது சாயங்காலம் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அதன்மேல் எதை வைப்பது என்று தெரியாமல் அணைத்துவிடுகிறேன்.

புஷ்பவள்ளி ஒரு யோசனை சொன்னாள். தோசை மாவில் முட்டை வெள்ளையைக் கலந்துவிடு, அவருக்குத் தெரியவே தெரியாது, பாவம் வந்தால் நமக்கு வரட்டும் என்றாள். நேற்று அதையும் செய்தேன். உடைத்து, அடித்து, மாவில் ஊற்றிக் கரண்டியால் கலக்கிவிட்டேன். அப்பா முன்னறையிலிருந்து, "தோசையா, சரி சரி, தோசைன்னா ஒண்ணு சாப்பிடுவேன்" என்று குரல் கொடுத்தார். என்னை நம்பி அவர் அப்படிச் சொன்னதும் கை ஓடவில்லை. மாவு முழுவதையும் கொட்டிவிட்டு, மாவு புளித்துப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பெருமாள் காலில் விழுந்தாவது சமாதானம் செய்துகொள்ளலாம், உன் அப்பா முகத்தை நான் எப்படிப் பார்ப்பது. புரட்டாசி முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். காலையில் காரில் வரும்போது, "மாசம் முடிஞ்சாலும் எனக்கு எதுவும் உள்ள எறங்கும்னு தோணல" என்று வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். தினேஸ்வரன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

இதைப் படித்துவிட்டு உடனே டிக்கெட் போடாதே. வா என்று சொல்லவில்லை, வராதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, மாப்பிள்ளையோடு பேசி நீயே முடிவு செய். அவர் அனுப்பிய சாக்லெட்டை அப்பா தொடக் கூடாது என்பதால் புஷ்பவள்ளியின் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன், மாப்பிள்ளையிடம் அப்பா விரும்பிச் சாப்பிட்டார் என்றே சொல். நீ வருஷத்துக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தமும் இனிப்பு நீர் வியாதியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், அப்பாவுக்கு ஆரம்பித்தது அதில்தான். குளிர் என்று சொல்லித் தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. உப்பைக் குறை. காலில் உறை போட்டுக்கொள். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம், நீ சரியாக அப்போது கூப்பிடுகிறாய். எடுத்ததும் "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்கிறாய். தப்பில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்போம், நான் பழக்கியதுதான். அவரும், "ஆச்சும்மா, நல்லா சாப்பிட்டேன்" என்கிறார். நீ போனை வைத்ததும் நான் சோற்றைக் கொண்டுபோய் வைத்தால், "பிள்ளைகிட்ட சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன், விடு தேவகி" என்று தட்டைத் தள்ளிவிட்டு, ஒரு பருக்கைகூட ஒட்டாத கையைக் கழுவப் போய்விடுகிறார். அதனால் இனிமேல் அதைக் கேட்காதே. மழை பெய்கிறதா என்று கேள், வேறு எதை வேண்டுமானாலும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
தேவகி