ஏசியை நிறுத்தச் சொன்னவர்

ஐப்பசி 20, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. ஆற்றில் தண்ணீர் ஏறினால், நான் பார்த்துக்கொள்ளும் கல்யாண மண்டபத்துக் கீழ்த்தளத்தில், சாப்பாட்டுக் கூடத்துச் சுவரோரம் ஊற்றெடுக்கும். மூலைக் குழியில் இரண்டு மோட்டார், இரண்டும் ஓட்டம். ஒன்றில், தண்ணீர் ஏறினால் மோட்டாரைப் போட்டுவிடும் மிதவை சிக்கிக்கொண்டது, குச்சியால் தட்டிவிட்டேன். ஞாயிறு இங்கே காதர் பாய் மகள் நிக்காஹ்.
வாங்க: புது மிதவை, ஜெனரேட்டருக்கு டீசல், இருமல் மருந்து.

சனி

மிதவை மாற்றியாயிற்று. மருந்து மறந்தாயிற்று. காதர் பாய் வந்து குழியை எட்டிப் பார்த்தார்.
"மாப்பிள்ளையோட உம்மா ரொம்பக் கறாரும்மா. பந்தியில ஒரு குறை வந்துரக் கூடாது."
மாப்பிள்ளையின் அம்மா அம்பாசமுத்திரத்துக்காரர், பெயர் ஜுலைகா. இரண்டு மோட்டாரையும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

ஞாயிறு, சாயங்காலம்

கை கடுக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

நிக்காஹ் முடிந்ததும் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரால் மேலே ஏசி, கீழே இரண்டு மோட்டார் எல்லாம் சேர்த்து இழுக்க முடியவில்லை. ஒரு மோட்டாரை நிறுத்தினேன். தண்ணீர் கணுக்கால் வரை வந்துவிட்டது. ஏசியில் கைவைக்கத் துணிவில்லை, மேலே மாப்பிள்ளை வீட்டார்.

காதர் பாய் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மானம் போச்சும்மா."

பின்னால் ஜுலைகா அம்மா. தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏசிய நிறுத்து பிள்ள. ரெண்டு மோட்டாரையும் போடு."

"மேல புழுங்குமேம்மா, உங்க ஆளுங்க..."

"புழுங்குனா விசிறிக்கிடட்டும். சம்மந்தி, அங்கன என்ன உக்காந்துட்டிய? மழைய நீங்களா பெய்ய வச்சிய?"

இரண்டு மோட்டாரும் உறுமின. அவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பிரியாணிக்கு வைத்த தாளிச்சாச் சட்டியின் ஒரு காதைப் பிடித்தார். மறு காது நான். மாப்பிள்ளை மாலையோடு ஓடி வந்தார்.

"உம்மா, நீங்க விடுங்க."

"மாலையக் கழத்தி வச்சிட்டு நீயும் ஒண்ணத் தூக்குலே. பைய, வழுக்கும்."

தூக்கினார்! சாப்பாடெல்லாம் மேலே போயிற்று. மேடைக்கு முன்னால் ஜமக்காளம் விரித்துப் பந்தி. ஒரே புழுக்கம், ஒரே சிரிப்பு. கடைசிப் பந்திக்குள் கீழே தரை தெரிந்துவிட்டது. எத்தனையோ சம்பந்தியம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருத்தர் இல்லை.

திங்கள்

வெயில். மோட்டார் விட்டுவிட்டு ஓடுகிறது. பெரிய ஜெனரேட்டர் வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். பார்ப்போம் என்றார்.

பாத்திரம் எடுக்கக் காதர் பாய் வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"மக அழுதுக்கிட்டே போவான்னு நெனச்சேம்மா. மாமி கையப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சிக்கிட்டே போயிட்டா. நாந்தான் அழுதேன்."