டேனிக்கு விளங்காத வரி

ஜூலை 11, வெள்ளி

விடியலிலிருந்து மழை. மூடுபனி. பீர்மேடு பஸ் எல்லாம் ஊர்ந்து வந்தன.

கேஸ் புக் பண்ண வேண்டும். கறுப்புச் சேலைக்கு ஃபால்ஸ் தைக்க வேண்டும். டேனியிடம் சொல்ல வேண்டும். இந்தக் கடைசியை மட்டும் மாதக்கணக்காக எழுதிக்கொண்டே இருக்கிறேன். வெட்கங்கெட்டவள்.

டேனி ஷில்லாங்காரர். ரிசார்ட்டில் என் ஜாஸ் பாட்டுக்கு அவர் கிடார். நான் ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் தாமதமாகத்தான் எடுப்பேன், அவர் காத்திருப்பார். எனக்காகக் காத்திருக்கிற ஒரே ஆள். வருகிற செவ்வாய்க்கிழமை இந்த வேலையை விட்டுவிட்டு உல்லாசக் கப்பலில் வாசிக்கப் போகிறார். நேற்றுதான் தெரியும், அதுவும் மேனேஜர் வாயால்.

இன்று ஹனிமூன் ஜோடிகள் நிறைய. பாடியதெல்லாம் பிரிவு, ஏக்கம், நிலா, திரும்பி வா. எல்லோரும் தோளில் சாய்ந்து கேட்டார்கள். ஒரு புதுப்பெண் வந்து, இப்படி உருகுகிறீர்களே, உங்கள் வீட்டுக்காரர் கொடுத்து வைத்தவர் என்றாள். சிரித்து வைத்தேன். தோட்டத்து லயத்தில் என் வீட்டுக்கு வந்தால் பழைய சோறு. அம்மா போனதிலிருந்து ஒரு கட்டில் சும்மா கிடக்கிறது.

ஜூலை 12, சனி

மழை விட்டது. துணி காயவில்லை.

ஜாஸில் நடுவே சொல்லே இல்லாமல் வெறும் சத்தமாகப் பாட வேண்டும். டூபா டாபா என்று. கோவில் கொடைகளில் சினிமாப் பாட்டுப் பாடிப் பழகிய நாக்கு எனக்கு. டூபா வரவே இல்லை. ஒரு நாள் தடுமாறி, வாயில் வந்த தமிழைப் போட்டு ஓட்டினேன். வடநாட்டு விருந்தாளிகள் கை தட்டினார்கள். அதிலிருந்து அதுவே பழக்கம். அட்டை கடித்தது, தம்பி போன் எடுக்காதது, எல்லாம் மெட்டோடு போய்விடும். டேனிக்கும் ஒன்றும் விளங்காது. 'சாப்டாச்சா' தாண்டி அவருக்குத் தமிழ் வரவில்லை.

இன்று அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பாடிவிட்டேன். "போகாத. உன்ன எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. போகாத."

அவர் சிரித்தார். நான் பாடியதை அப்படியே கிடாரில் திருப்பி வாசித்தார். ஜாஸில் வழக்கம்தான், ஒருவர் விட்டதை மற்றவர் வாங்குவது. ஆனால் போகாத, போகாத என்று கிடார் என்னிடம் கெஞ்சியது. முடிந்ததும் குனிந்து, இன்றைக்குப் பிரமாதம் என்றார், இங்கிலீஷில். போனில் பதிவு பண்ணியிருக்கிறாராம்.

சொல்லிவிட்டேன். சொல்லவும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

தலைவலி. பால் திரிந்துவிட்டது.

மானம் போச்சு. ரிசார்ட்டில் பாத்திரம் கழுவுகிற பேச்சியம்மா அக்கா கிச்சன் வாசலில் மறித்தாள். அவள் எங்கள் லயம். கிச்சனில் முக்கால்வாசி தோட்டத்து ஆட்கள், மேடைக்கு ஒரு சுவர் தள்ளி. இத்தனை நாள் இது என் மண்டையில் ஏறவில்லையே! நான் டூபா ஆரம்பித்தால் குழாயை மூடிவிட்டுக் கேட்பார்களாம். அட்டை கடித்தது வரை தெரிந்திருக்கிறது. கேலி பண்ணுவாள் என்று பார்த்தேன். பண்ணவில்லை.

"நாங்க எல்லாரும் கேட்டுட்டோம் புள்ள. கேக்க வேண்டிய ஆளுக்குத்தான் வெளங்கல. எனக்குக் கொஞ்சம் இந்தி வரும், நாஞ் சொல்லட்டா?"

"வேண்டாம்க்கா."

"ஏன்?"

"தெரிஞ்சும் போயிட்டாருன்னா?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு டம்ளர் பால் விடாத கட்டன் சாயா ஊற்றிக் கொடுத்தாள். சீனி தூக்கல்.

ஜூலை 15, செவ்வாய்

சாரல். மிளகு வாங்குகிற சாக்கில் பஸ் நிற்கிற இடம் வரை போனேன். டேனி கிடார்ப் பெட்டியோடு. கை குலுக்கல். சாப்டாச்சா என்றார். ஆச்சு என்றேன். சாப்பிடவில்லை.

பஸ் வந்தது. திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் அழுதேன். குடை இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வெயில், அதிசயம். போர்வை துவைத்தேன். இப்போது கிடாருக்கு ஆள் இல்லை. பதிவு செய்த இசைக்குப் பாடுகிறேன். அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, நான்தான் பின்னால் ஓட வேண்டும்.

மத்தியானம் டேனியின் வாய்ஸ் மெசேஜ். பதறிக்கொண்டு எடுத்தேன். அன்று நான் பாடிய அந்த மெட்டை அங்கே தினமும் வாசிக்கிறாராம். கப்பலில் பாடுகிற பெண்ணுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். பதிவைக் கேட்டுக் கேட்டு அவரைப் பார்த்தே பாடுகிறாளாம். பின்னால் அவள் குரல் கேட்டது. போகாத, போகாத. இளம் குரல். உச்சரிப்பு சுத்தம். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் ஏதாவது உண்டா, அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்தேன்.

அனுப்பியது: அர்த்தம் ஒன்றும் இல்லை. நன்றாகப் பாடுகிறாள்.