ஒன்பது அடி வடக்கே

பிப்ரவரி 8, 2025. சனி

காலை ஆறரைக்கே நல்லுசாமியும் ஸ்டான்லியும் வந்துவிட்டார்கள். ஸ்டான்லி வீட்டுக் கொல்லை வேலை பொங்கலோடு முடிந்தது. கோழிக்கூண்டு, அவரைப் பந்தல், நடக்கக் கல் பாதை. இப்போது என் முறை, அடுத்து நல்லுசாமி வீடு. ஓய்வு பெற்ற மூன்று கிழவர்கள் சனிக்கிழமைதோறும் ஒருவர் வீட்டுக் கொல்லையில் சேர்ந்து உழைப்பது என்று ஏற்பாடு. கூலி காபியும், என் மனைவி மேரி சுடும் பணியாரமும்.

ஸ்டான்லி பி.டி. வாத்தியாராக இருந்தவன், இன்னமும் பேச்செல்லாம் மைதானத்துச் சத்தம்தான். நல்லுசாமி அரசு பஸ் ஓட்டியவன். நான் சர்வேயர். அதனால் டேப்பின் நுனியை நல்லுசாமி பிடிப்பான், அளவை நான் படிப்பேன். எப்போதும் அப்படித்தான். கொல்லை முழுவதையும் கிராஃப் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். நடுவில் அரைவட்டமாக உட்கார ஒரு சிமெண்டு மேடை, அதிலிருந்து பாதைகள், ஓரத்தில் ஆயக்குடியிலிருந்து வாங்கி வந்த கொய்யாக் கன்றுகள் ஒரே கோட்டில். வரைய மூன்று வாரம் ஆயிற்று. அழகாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்கிறேன்.

முதல் வேலை தண்ணீருக்குப் போர் போடுவது. நல்லுசாமி செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தான். தாடிக்கொம்பு பக்கத்துத் தோட்டக்காரர்கள் நீரோட்டம் பார்க்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். வெற்றிலை பாக்குக்கு மேல் எதையும் வாங்க மாட்டான். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் தேங்காய் அவன் கையில் எழுந்து நின்றதைப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தான். "இதுல இருந்து ஒரு அடி தள்ளுனாலும் நான் பொறுப்பில்லப்பா" என்றான்.

கல் இருப்பது என் சிமெண்டு மேடைக்கு நட்டநடுவில்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததிலிருந்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையை நகர்த்தினால் பாதை கோணும். பாதை கோணினால் கொய்யா வரிசை போயிற்று. நல்லுசாமியிடம் இடத்தை மாற்றச் சொன்னால் கோபித்துக்கொள்வான். பூமிக்கடியில் ஒன்பது அடி ஒரு தூரமா?

மதியம் மேரி கண்ணயர்ந்திருந்தபோது கல்லை எடுத்து ஒன்பது அடி வடக்கே வைத்தேன். பழைய தடத்தைக் காலால் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போதுதான் உறுத்தியது. எல்லைக் கல்லை நகர்த்தினான் என்று எத்தனை பேர் மேல் ரிப்போர்ட் எழுதியிருப்பேன். முப்பத்து நான்கு வருடம்.

ஆனால் இது வேறு. இது என் கொல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

ரிக் லாரி ஆறு மணிக்கே வந்துவிட்டது. எட்டு மணிக்கு நல்லுசாமி வந்தபோது முந்நூறு அடி போயிருந்தது. கொல்லை முழுக்க வெள்ளைப் புழுதி, எது எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. அவன் இடத்தைக் கவனிக்கவில்லை, குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்லை ஒருவன் நகர்த்துவான் என்று அவனுக்குத் தோன்றியே இருக்காது. அதுவும் என் வீட்டில்.

எழுநூற்று இருபது அடி. புழுதி, புழுதி, புழுதி. "ஈரமே இல்ல சார்" என்று சொல்லிவிட்டு ரிக்காரர் ராடுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

நல்லுசாமி குனிந்து அந்தப் புழுதியில் ஒரு பிடி அள்ளினான். கசக்கிப் பார்த்தான். "இருவது வருசத்துல இப்படி வெறும் புழுதியா வந்ததில்ல அருளு" என்றான். அப்போதே சொல்லியிருக்கலாம். ஸ்டான்லி நின்றான், ரிக் ஆட்கள் நின்றார்கள், வாசலில் தெருவே நின்றது.

பிப்ரவரி 12

சொல்லவில்லை.

பிப்ரவரி 15, சனி

இருவரும் வந்தார்கள். புழுதியை வாரி மூலையில் கொட்டினோம். பணியாரம் தின்னும்போது ஸ்டான்லி, "நல்லு, இனிமே தேங்காய சட்னிக்கு மட்டும் எடுப்பா" என்றான். அவன் வாய் அப்படித்தான், மனதில் ஒன்றும் கிடையாது.

நான் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன்? சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்றா? யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது? நல்லுசாமியும் சிரித்தான். ஒரு பணியாரத்தோடு கை கழுவிக்கொண்டான். வழக்கமாக எட்டு தின்பான்.

பிப்ரவரி 22, சனி

நல்லுசாமி வரவில்லை. இடுப்பு வலி என்று போனில் சொன்னான். காலை நடைக்கும் நான்கு நாளாக வரவில்லை. ஸ்டான்லியும் நானும் ஒரு பாத்தி கொத்திவிட்டு நிறுத்தினோம்.

சாயங்காலம் மேரி துணி எடுத்துக்கொண்டே, "அந்தக் கல்லு இந்தக் கொடிக் கம்பத்துக்கு நேராத்தான இருந்துச்சு? போர் அங்கிட்டுப் போட்டிருக்காக" என்றாள். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. செத்த நேரம் நின்று பார்த்தாள். "உங்க வாயாலயே சொல்லிருங்க. நான் கேக்க மாட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 3, திங்கள்

செம்பட்டிப் பக்கத்திலிருந்து பழனியம்மாள் என்று ஒரு பெண் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பத்து வருடம் முன்பு அவர் தோட்டத்துக்கு நல்லுசாமி இடம் பார்த்துக் கொடுத்தானாம். இப்போது அந்தப் போர் வற்றி, தென்னை முப்பதும் மட்டை தொங்க ஆரம்பித்துவிட்டது. கூப்பிடப் போனால், இனி என் கையை நம்ப முடியாது, வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டானாம்.

"நீங்க அவருக்குச் சேக்காளியாமே ஐயா. ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு வேற ஆளு மேல நம்பிக்கை இல்ல."

சொல்கிறேன் என்றேன். நல்ல ஆளாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்.

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்று நினைத்தேன். அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? கல்லை வைத்தது அவரா?

கோயிலிலிருந்து நேரே நல்லுசாமி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவன் மனைவி ஒச்சாயி உதட்டில் விரலை வைத்து, கொல்லைப் பக்கம் கை காட்டினாள். உச்சி வெயிலில் அவன் அவர்கள் கிணற்றடியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான், உள்ளங்கையில் தேங்காயோடு. தண்ணீர் இருக்கிற கிணறு. அங்கேயே அவன் சோதித்துப் பார்க்கிறான்.

"பத்து நாளா இதே வேலைதாண்ணே" என்றாள் ஒச்சாயி. "நிக்குது, ஆனா நானா சாய்க்கிறேனோன்னு சந்தேகமா இருக்குங்கிறாரு. ஒரு வாய்ச் சோறு ஒழுங்காத் திங்கிறதில்ல. நீங்க சொன்னாக் கேப்பாரு."

சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். நான் ஒரு கோழை. எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

போகும்போது வரைபடத்தையும் சுருட்டி எடுத்துப் போனேன். எதற்கு? அதைக் காட்டினால் புரிந்துகொள்வான் என்றா? கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். ஒச்சாயியும் பக்கத்தில் இருக்கட்டும் என்றேன். நின்றபடியே சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"

"வடக்க."

"எம்புட்டு?"

"ஒம்பது அடி."

"எதுக்கு?"

தாளை விரித்தேன். மேடையைக் காட்டினேன். அவன் பார்த்த பார்வையில் அந்தத் தாளை அங்கேயே கிழித்துப்போடத் தோன்றியது. முப்பத்து நான்கு வருடம் எனக்குச் சோறு போட்ட கோடுகள், பார்க்கவே அசிங்கமாக இருந்தன.

சத்தமே போடவில்லை. "நான் வச்ச எடத்துல தண்ணி இருந்திருக்கும்னு சொல்லல. அங்கயும் புழுதி வந்திருக்கலாம். வந்திருந்தா அது என் தப்பு. அதக்கூட நீ எனக்கு விடலயேப்பா."

நான் தாளைச் சுருட்டினேன்.

"அந்தப் பொம்பளைய வாசலோட திருப்பி அனுப்புனேன். என் கை பொய் சொல்லுதுன்னு நெனச்சு." பிறகு, "அன்னைக்கு ஸ்டான்லி சொன்னப்ப நீ சிரிச்ச. நீ சிரிக்கிறேன்னுதான் நானும் சிரிச்சேன்" என்றான்.

எப்போதும் 'போயிட்டு வா' என்பவன் 'சரி, போ' என்றான். ஒச்சாயி என் முகத்தைப் பார்க்கவில்லை.

வருகிற வழியில் ஸ்டான்லி வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். விட்டால் மறுபடியும் பயந்துவிடுவேன்.

மார்ச் 15, சனி

யாரும் வரவில்லை. மேரி பணியாரத்துக்கு மாவு கூட ஊறப்போடவில்லை. மத்தியானம் ஸ்டான்லி போன் செய்து கத்தினான். "உன்னால நான் அவன என்னவெல்லாம் பேசியிருக்கேன். இப்ப அவன் முகத்துல எப்பிடி முழிக்கிறது?" கேட்டுக்கொண்டேன். வைக்கும்போது, "சாப்டியா?" என்றான். இன்னும் இல்லை என்றேன். வைத்துவிட்டான்.

மார்ச் 22, சனி

யாரும் வரவில்லை. கொய்யாவுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றினேன்.

மார்ச் 27, வியாழன்

ஒச்சாயி மேரிக்கு போன் செய்தாளாம். நல்லுசாமி காலை பஸ்ஸில் செம்பட்டிக்குப் போயிருக்கிறான், மஞ்சள் பையில் தேங்காயோடு. பழனியம்மாளுக்கு அவனே சொல்லி அனுப்பியிருக்கிறான். ஒச்சாயி வேறு எதுவும் சொல்லவில்லை. என்னைப் பற்றிக் கேட்டாளா என்று மேரியிடம் கேட்கவில்லை.

அடுப்படியில் நின்று அழுதேன். மேரி பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஸ்டான்லி போன். "நாளைக்கு வாரோம். உன் தண்ணி வராத போரைச் சுத்திக் குழி வெட்டி, மாடி மழைத்தண்ணிய உள்ள விடலாம்கிறான் நல்லு. ஜல்லி சொல்லி வை."

வாரோம் என்றான். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

ஏழு மணிக்கு வந்தார்கள். நல்லுசாமி முன்னால், ஸ்டான்லி பின்னால். மேரி காபி கொடுத்தாள். "பழனியம்மாள் தோட்டத்துல எப்படி?" என்று அவள்தான் கேட்டாள். "ரெண்டு இஞ்சுத் தண்ணி. தென்னைக்குப் போதும்" என்றான். தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வரைபடத்தை நான் வெளியே எடுக்கவில்லை. மாடிக் குழாய் போருக்கு வர வேண்டுமானால் பாதை எப்படியும் கோணத்தான் போகிறது. மேடைக்கு இடமே இல்லை. அது இப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

நல்லுசாமி மஞ்சள் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தான். புதிது. நுனியை என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டு போர் வாயோரம் குந்தினேன். அவன் டேப்பை இழுத்துக்கொண்டே மாடிக் குழாய் இறங்கும் சுவர் வரை போய், "ஸ்டான்லி, இங்கன வந்து நீ படி" என்றான்.

ஸ்டான்லி என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு குனிந்து படித்தான். பதினொன்றே கால் அடி. நல்லுசாமி அந்த இடத்தில் இரும்புக் கம்பியை வைத்துச் சம்மட்டியால் அடித்தான், தலை மட்டும் தெரிகிற அளவுக்கு இறங்கும்வரை. அவன் அடித்து முடிக்கிறவரை நான் நுனியை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.